சிவப்புத் துணிக்கு அந்தப் பக்கம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. நீங்கள் சிரிப்பது தெரிகிறது. நம்பிக்கை இல்லாதவன் எதற்காக இதைச் சொல்ல உட்கார்ந்தான் என்றுதானே நினைக்கிறீர்கள்? பேய்க்குப் பயப்படுகிறவன் பூமிக்கு அடியில் போய்ச் சம்பாதிக்க முடியாது ஐயா. என் வாலிபம் முழுவதும் வெயில் படாத இடத்தில்தான் கழிந்தது. இருட்டில் எலி பார்த்திருக்கிறேன், பாம்பு பார்த்திருக்கிறேன், மேலே இருந்து கல் விழுந்து ஆள் செத்ததையும் பார்த்திருக்கிறேன். செத்தவன் எவனும் திரும்பி வந்து என்னிடம் பேசியதில்லை. எங்கள் மாதா கோயில் சாமியார் ஒரு தடவை ரகசியமாகக் கேட்டார், "சவரி, சுரங்கத்துக்குள்ள ஏதாச்சும் பாத்திருக்கியா?" என்று. "முழுச் சம்பளத்தைக்கூட பாத்ததில்ல சாமி" என்றேன். அவர் அதற்கப்புறம் கேட்கவில்லை.

ஆனால் மலாயாவில், கேமரன் மலையில் ஒரு பிற்பகல் நடந்தது மட்டும் எனக்கு இன்னமும் பிடிபடவில்லை. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் கிழவன் உளறுகிறான் என்று எழுந்து போய்விடுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபித்துக்கொள்ள என் வீட்டில் வேறு ஆளும் இல்லை.

நான் முதலில் வேலை பார்த்தது சிலாங்கூரில் ஒரு கரிச்சுரங்கத்தில். கரி வெட்டும் வேலை இல்லை, தூசி அடக்கும் வேலை. இப்படியும் ஒரு வேலையா என்று கேட்பீர்கள். கரி வெட்டும்போது பறக்கிற தூள் இருக்கிறதே, அது சும்மா கிடக்காது. ஒரு பொறி பட்டால் போதும், காற்றே தீப்பிடித்துக்கொண்டு வழி முழுக்க ஓடும். அதனால் ஒரு செட்டு ஆட்கள் தண்ணீர் அடித்துத் தூளை நனைப்போம், இன்னொரு செட்டு ஆட்கள் சுண்ணாம்புக் கல்லை மாவாக அரைத்து, அந்த வெள்ளைத் தூளைத் தரையிலும் சுவரிலும் அள்ளி அள்ளித் தூவுவார்கள். கரித்தூளோடு கல்தூள் கலந்துவிட்டால் தீ ஓடாது. வெள்ளையாக இருக்கிற இடம் பத்திரமான இடம், கறுப்பாக இருக்கிற இடம் ஆபத்தான இடம். அங்கே வேலை செய்தவன் ஒவ்வொருவனுக்கும் இது மனப்பாடம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எங்கள் ஆட்கள் பிற்பாடு செய்த பைத்தியக்காரத்தனமெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

அந்தக் கரி ஊரில்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. அங்கேயேதான் என் மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள், பிள்ளை குட்டி இல்லை. கொஞ்ச நாளில் சுரங்கத்தில் ஆள் குறைத்தார்கள். எனக்கு மிச்சம் இருந்தது ஒரே தங்கை, தெரேசா. அவளை என்னோடு தூசி செட்டில் வெள்ளைத் தூள் தூவிய சூசைக்குத்தான் கட்டிக் கொடுத்திருந்தேன். அவள் மாமியார் வீடு கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். மலைக்கு அடியில் மின்சாரத்துக்காகத் தண்ணீர் போகிற குகை குடைகிறார்கள், பூமிக்கு அடியில் பழகினவர்கள் வேண்டும் என்று கேள்விப்பட்டு சூசை மாப்பிள்ளை கிளம்பினார். அவரோடு கரிச்சுரங்கத்து ஆட்கள் நாலு பேர் கிளம்பினார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன்.

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலம் அப்போது முடிகிற கட்டத்தில் இருந்தது என்பார்கள், எங்களுக்கு ஒன்றும் முடிந்த மாதிரி தெரியவில்லை. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயன்களைச் சுற்றி முள்கம்பி வேலி, ஒரே ஒரு கேட்டு. காலையில் வெளியே போகும்போது கையில் சோறு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள், காட்டில் இருக்கிறவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோமாம். சாயங்காலம் கேட்டை மூடிவிட்டால் மூடினதுதான், சொந்த வீட்டுக்காரனாக இருந்தாலும் அன்று வெளியே எங்காவது கிடந்து சாக வேண்டியதுதான். ரோட்டில் தனியாக நடக்கக்கூடாது. வேலைக்குப் போவதும் வருவதும் லோரியில், பின்னாலேயே சிப்பாய்கள். ஆறு மணிக்கு மேல் ஊர் செத்துவிடும். எனக்குக் கொடுத்தது லயன் கடைசி அறை. பக்கத்து அறையில் யாரும் இல்லை. பனி இறங்கினால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், பேச ஆள் இல்லாமல் நான் அடுப்போடு பேசிய நாட்கள் உண்டு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

குகையில் மாப்பிள்ளைக்கும் அந்த நாலு பேருக்கும் பாறையில் துளை போடும் வேலை. எனக்குப் பழைய வேலையே கிடைத்தது, தண்ணிக்காரன். கேமரன் மலைப் பாறை கருங்கல், வெடித்தால் கிளம்புகிற தூசி வெள்ளை. துளை மிஷினுக்குள்ளேயே ஒரு மெல்லிய தண்ணீர்க் குழாய் ஓடும், துளைக்கிற இடத்திலேயே தூளை நனைத்துவிடும். துரை போட்ட சட்டம், தண்ணீர் இல்லாமல் துளை போடக்கூடாது. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் மலைத் தண்ணீரின் குளிர் உங்களுக்குத் தெரியாது. துளையிலிருந்து திரும்பி மேலே பீய்ச்சி அடிக்கும், காலையில் நனைந்த சட்டை சாயங்காலம் வரை உடம்பில்தான் காயும். ஆட்கள் பல் கிட்டி நடுங்குவார்கள். அதனால் துரை தலை மறைந்ததும் குழாயைத் திருகி மூடிவிட்டு உலர்ந்த பாறையில் துளை போடுவார்கள். மேற்பார்க்கிற மண்டோர் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவான், வேலை சீக்கிரம் நடக்கிறதே.

நான் சண்டை போட்டேன். மாப்பிள்ளை சிரித்தார்.

"கரித்தூளுக்குத்தானே மச்சான் தண்ணி? இது வெள்ளைக் கல்லு. அங்க நாமளே இதத்தானே அள்ளி அள்ளிப் போட்டோம். தீ புடிக்காதுலா, ஒண்ணும் பண்ணாது."

"அங்க போட்டது மாவு மாதிரி இருக்கும் மாப்ளே. இது பல்லுல பட்டா நறநறங்குது."

"அப்ப வாய மூடிக்கிட்டு வேல பாருங்க" என்று சொல்லிவிட்டு எல்லாரும் சிரித்தார்கள்.

தலை, புருவம், மீசை எல்லாம் வெளுத்துப் போய் லோரியில் வந்து இறங்குவார்கள். லயன் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "எங்களுக்குத் தினம் சாம்பல் புதன்தான்" என்பார் மாப்பிள்ளை. அவருக்கு எதையும் வேடிக்கையாக்கத் தெரியும், என் தங்கை அதில் மயங்கித்தான் சம்மதித்தாள். ஆனால் சில மாதத்தில் விடியற்காலையில் அவர் இருமுகிற சத்தம் லயன் கடைசிவரை கேட்க ஆரம்பித்தது. எனக்கும் அது என்ன கெடுதல் செய்யும் என்று விவரமாகத் தெரியாது, படித்தவனா நான்? பயம் மட்டும் இருந்தது. தெரேசா அப்போது நிறைமாதம். ஒருநாள் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் என்னை நிறுத்தினாள்.

"அண்ணே, அவர் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. நீங்கதான் பாத்துக்கணும். எனக்கு வேற யாருண்ணே இருக்கா?"

அந்த வார்த்தை என்னைக் குத்திவிட்டது. ஒற்றை அறையில் உட்கார்ந்து அடுப்போடு பேசுகிற வாழ்க்கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அது என் தங்கைக்கு வரக்கூடாது. இதற்கு மேல் எனக்கு வேறு ஆசையே இருந்ததில்லை.

தண்ணிக்காரன் வேலையில் ஒரு வழக்கம் உண்டு, அதையும் கரிச்சுரங்கத்திலிருந்தே கொண்டு வந்தோம். வெடி வைத்ததும் எல்லாரும் குகைக்கு வெளியே வந்துவிடுவார்கள். புகை கொஞ்சம் அடங்கியதும் தண்ணிக்காரன் மட்டும் உள்ளே போவான். குகை வளைகிற இடத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போக வேண்டும். முதலில் கூரை, அப்புறம் சுவர், கடைசியில் விழுந்து கிடக்கிற கல், இந்த வரிசையில் நனைக்க வேண்டும். தூசி படிந்த பிறகு துணியை அவிழ்த்துவிட்டு "அடங்கியாச்சு!" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் கேட்காமல் துரையாக இருந்தாலும் துணியைத் தாண்டக் கூடாது. வெளியே ஆட்கள் சுருட்டு பிடித்துக்கொண்டு அரட்டை அடிப்பார்கள், நான் உள்ளே ஒரு மலையைத் தலைமேல் வைத்துக்கொண்டு தனியாக நிற்பேன். உலகத்தில் எல்லாரும் எங்கேயோ போய்விட்டார்கள், என்னிடம் சொல்லாமல் போய்விட்டார்கள் என்று தோன்றும். அந்த நினைப்புக்கு நான் பழகவே இல்லை.

அன்றைக்குப் பகல் சாப்பாட்டு நேரத்தில் லோரிக்காரன் சேதி கொண்டுவந்தான், தெரேசாவுக்கு வலி எடுத்துவிட்டது என்று. மாப்பிள்ளை முகத்தில் ரத்தமே இல்லை. கரி ஊரிலும் இதே மாதிரி கேட்டுதான், அங்கே முதல் பிள்ளை பிறந்த ராத்திரி அவர் வெளியே மாட்டிக்கொண்டார், காலையில் உள்ளே போனபோது பிள்ளை உயிரோடு இல்லை. இந்தத் தடவை எப்படியாவது கேட்டு மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும். தனியாக நடக்க முடியாது, லோரியில்தான் போக வேண்டும். அந்தச் சுற்றுத் துளையெல்லாம் போட்டு முடித்தால்தான் லோரி கிளம்பும். வெடி அப்போதுதான் வைத்து முடிந்திருந்தது.

நான் தண்ணீர்க் குழாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. எங்கள் தண்ணீர் மேலே காட்டு ஓடையிலிருந்து பைப்பில் தானாக இறங்கி வருவது, இலை அடைத்தால் யாராவது ஏறிப்போய் எடுத்துவிட்டு வருவோம். அன்று அந்தப் பக்கம் சிப்பாய்கள் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் ஏறக்கூடாது என்று உத்தரவு.

"தண்ணி இல்லாட்டி என்னா? காத்து இழுக்கற காத்தாடி ஓடுதுல்ல, தூசி அதுவா போயிரும். உள்ள போங்க" என்றான் மண்டோர்.

மாப்பிள்ளை அதற்குள் மிஷினைத் தூக்கிவிட்டார். நான் முன்னால் போய் நின்றேன்.

"மாப்ளே, நான் மொதல்ல போயி பாத்துட்டு வந்துர்றேன். நான் கூப்பிடாம தாண்டாதீங்க."

"மச்சான், வெளையாடுற நேரமா இது?"

"தெரேசா மேல சத்தியமா கேக்கறேன்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மிஷினைக் கீழே வைத்தார். "சட்டுனு வாங்க" என்றார்.

தண்ணீரே இல்லாமல் உள்ளே போய் நான் என்ன செய்யப் போகிறேன்? எனக்கே தெரியாது. கொஞ்ச நேரம் கடத்தலாம், அதற்குள் தூசி கொஞ்சம் இறங்காதா என்ற நப்பாசை. குடிதண்ணீரில் நனைத்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, வளைவில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுக் கைவிளக்கோடு நடந்தேன். கண்ணுக்கு முன்னால் கையை நீட்டினால் கை தெரியவில்லை, அவ்வளவு தூசி. விளக்கு வெளிச்சம் நாலடிக்கு மேல் போகவில்லை.

அப்புறம் திடீரென்று தூசி இல்லை.

கதவைத் திறந்துகொண்டு வேறு அறைக்குள் வந்த மாதிரி இருந்தது. காற்று சில்லென்று கழுவி விட்டது போல் இருந்தது. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கூரையிலிருந்து சொட்டுகிறது, சுவர் பளபளக்கிறது, விழுந்த கல்லெல்லாம் நனைந்து கறுத்துக் கிடக்கிறது. ஓடையில் தண்ணீர் வந்துவிட்டது போலிருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம். ஒரு ஆள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். ஒல்லியான உடம்பு, தோள் எலும்பு சட்டையைக் குத்திக்கொண்டு நின்றது. குழாயை அவசரப்படாமல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வீசினான், கூரை, சுவர், கல். கரிச்சுரங்கத்து வரிசை. நம்ம பயிற்சிதான், யாரோ பழைய ஆள் என்று நினைத்தேன். நான் பயப்படவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

"எந்த செட்டுப்பா நீ? எனக்கு முன்னாடி எப்படி வந்த?" என்றேன்.

அவன் திரும்பவில்லை. தண்ணீர் அடித்துக்கொண்டே, "ஒத்தையிலதான் வர்றீங்களா?" என்றான். குரல் கரகரவென்று, ஓட்டைப் பானையில் காற்று போகிற மாதிரி.

"தண்ணிக்காரன் வேற எப்படி வருவான்?"

"நானும் ஒத்தைதான்."

சொல்லிவிட்டு இருமினான். இருமி முடித்து மூச்சுக்காகக் காத்திருந்தான், மூச்சு வர ரொம்ப நேரம் ஆனது. பாவமாக இருந்தது.

"ஒடம்புக்கு முடியலன்னா வீட்டுக்குப் போயிட வேண்டியதுதானேப்பா?"

"கேட்ட மூடிட்டாங்க லா" என்றான்.

பட்டப்பகல், கேட்டு மூட இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் முதுகைத் திருப்பாமலேயே குழாயைப் பின்னால் நீட்டினான். "கொஞ்சம் புடிங்க, கை ஓஞ்சுபோச்சு" என்றான். நான் வாங்கினேன். குழாய் கனத்தது, உள்ளே தண்ணீர் ஓடுகிற துடிப்பு உள்ளங்கையில் தெரிந்தது. அடித்தேன். தண்ணீர் பாறையில் பட்டுத் தெறித்து என்னை முழுக்க நனைத்தது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். இதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த நேரம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? மனைவி போன பிறகு ஒரு ஆள் என் பக்கத்தில் சும்மா நின்றது அன்றைக்குத்தான்.

"மச்சான்!"

பின்னால் மாப்பிள்ளையின் குரல். திரும்பினேன். துணியைத் தாண்டி வந்துவிட்டார், கையில் விளக்கு ஆடிக்கொண்டிருந்தது. "இவரப் பாருங்க மாப்ளே, தண்ணி..." என்று சொல்லிக்கொண்டே மறுபடி திரும்பினால், ஆளும் இல்லை, குழாயும் இல்லை. என் கை வெறுங்கை, ஆனால் இன்னும் பிடித்த மாதிரியே மடங்கி இருந்தது. கல் உலர்ந்து கிடந்தது. சுவர் உலர்ந்து கிடந்தது. தூசி எங்கள் இரண்டு பேரையும் சுற்றி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, ஒரு சொட்டு ஈரம் எங்கேயும் இல்லை. நான் மட்டும் தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்து நின்றேன்.

மாப்பிள்ளை கேலி செய்வார் என்று பார்த்தேன். செய்யவில்லை. தன் துண்டை எடுத்து என் மூக்கில் வைத்து அழுத்தினார். அந்தப் பாறைச் சுவர் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வாங்க மச்சான், போலாம்."

வெளியே வந்ததும் ஆட்கள் என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவன் ஓடிப்போய்க் குழாயைத் திறந்து பார்த்தான், இன்னமும் காற்றுதான். மண்டோர், "எந்தக் குழியில விழுந்தடா?" என்று கேட்டான். உள்ளே குழி ஏது? மாப்பிள்ளை மிஷினை எடுத்துக்கொண்டுபோய் மண்டோர் காலடியில் வைத்தார்.

"நான் தொள போடல."

"வேலைப் பட்டியல்ல பேரக் கிழிச்சுருவேன் சூசை."

"கிழிச்சுக்கிங்க."

ஒரு ஆள் குறைந்தால் அந்தச் சுற்று ஓடாது. மண்டோர் எங்களைக் கண்டபடி திட்டினான், அப்புறம் அவனுக்கும் என்னைப் பார்க்கப் பார்க்க என்னவோ மாதிரி ஆகிவிட்டது, லோரியை முன்கூட்டியே அனுப்பிவிட்டான். கேட்டுக்கு நல்ல வெளிச்சத்திலேயே போய்ச் சேர்ந்தோம். பெண் பிள்ளை, பொழுது சாயும்போது பிறந்தது. மாப்பிள்ளை பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு வாய்விட்டு அழுதார், அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு அவர் குகைக்கு வரவே இல்லை. தோட்டத்தில் கவாத்து வெட்டப் போய்விட்டார், மழையிலும் பனியிலும் செடி வெட்டினார். இருமல் மெல்ல மெல்ல நின்றது. ஏன் விட்டீங்க என்று கேட்டால், "குளுருது மச்சான்" என்பார். அவ்வளவுதான் பதில்.

மற்ற நாலு பேரும் குகை முடிகிறவரை குழாயை மூடி மூடித்தான் துளை போட்டார்கள். நான் எவ்வளவோ கத்தினேன். அதில் ஒருவனும் பேரப்பிள்ளையைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவனாக வற்றிப்போய், மூச்சுக்கு உட்கார்ந்தபடியே இருந்து செத்தார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசர் டீபி என்று சொன்னார். நான் கடைசிவரை தண்ணிக்காரனாகவே இருந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த ஆளை இன்னொரு தடவை பார்க்கலாம் என்றுதான் இருந்தேன். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் துணியைக் கட்டிவிட்டு, "யாராச்சும் இருக்கீங்களாப்பா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போவேன். ஒருநாளும் வரவில்லை. அதற்கப்புறம் அந்தத் தனிமை எனக்கு முன்னைவிடப் பெரிய பாரமாக இருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். தூசியில் மயங்கிக் கனவு கண்டேன், உடம்பெல்லாம் வியர்வை என்று ஏதாவது சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

வெகுகாலம் கழித்து, அன்று பிறந்த அந்தப் பெண்ணின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, கம்போங் ராஜாவில் தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்துகிற மாமாக் கடையில் நானும் மாப்பிள்ளையும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். காலை நேரம், கடை முழுக்கக் கூட்டம். மாப்பிள்ளை நன்றாகத் தொந்தி போட்டிருந்தார், தலை வெளுத்திருந்தது, சர்க்கரை வியாதிக்காரர் சீனி போட்ட தேத்தண்ணீரை எனக்குத் தெரியாமல் குடிக்கப் பார்த்தார். நான் பிடுங்கினேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"அன்னைக்கு நான் சத்தம் கேட்டுத்தான் துணியத் தாண்டி வந்தேன் மச்சான். கூப்பிடறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன். ரெண்டு பேரு நின்னீங்க."

இத்தனை வருஷமாக ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன்!

"நீங்க பாத்தீங்களா? மொகத்த பாத்தீங்களா மாப்ளே? நான் முதுகுதான் பாத்தேன்."

"நீங்க தண்ணி அடிச்சிக்கிட்டு இருந்தப்ப அவன் என் பக்கம் திரும்பினான்."

"யாரு?"

மாப்பிள்ளை ஒரு விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். எனக்கு முதலில் புரியவில்லை, நெஞ்சு வலிக்கிறதோ என்று பதறி எழுந்துவிட்டேன்.

"ஒக்காருங்க. நான்தான் மச்சான் அது. கிழடு தட்டிப்போயி நின்னேன். ஆனா இப்ப எனக்கு இருக்கிற வயசுகூட அவனுக்கு இருக்காது, நாப்பதுதான் இருக்கும். கண்ணு உள்ள போயி, வாயத் தொறந்து தொறந்து மூச்சு வாங்கிக்கிட்டு... என்னையப் பாத்து தலைய ஆட்டினான், போயிருன்னு. ஒங்களக் கூட்டிக்கிட்டுப் போயிருன்னு."

அதற்குள் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெரேசா வந்துவிட்டாள். மாப்பிள்ளை பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மீசையால் அதன் வயிற்றில் கூசவைக்க ஆரம்பித்தார். அதற்கப்புறம் அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

மாப்பிள்ளை நல்லபடியாகத்தான் போனார். தூக்கத்தில், வயசாகி, சுற்றிலும் பிள்ளைகள் இருக்க. தெரேசாவும் அவருக்குப் பின்னால் போய்விட்டாள். கல்லறைத் திருநாளுக்கு நான்தான் மெழுகுவத்தி கொண்டுபோகிறேன். ஏற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. என் பக்கத்தில் நின்றவன் சூசை என்றால், எந்த சூசை? அன்று துளை போடப் போய், அந்த நாலு பேர் மாதிரியே மூச்சு வாங்கிச் செத்திருக்கக்கூடிய சூசையா? பிள்ளையைப் பார்க்காமல், கேட்டுக்கு வெளியே நின்றுபோன அந்த மாப்பிள்ளைக்கு மெழுகுவத்தி ஏற்ற யார் இருக்கிறார்கள்? அவன் என்னோடு அத்தனை நேரம் நின்றானே, "நீயும் வாப்பா, வெளிய போலாம்" என்று ஒரு வார்த்தை எனக்குக் கூப்பிடத் தோன்றவில்லை. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பானோ? வந்திருந்தால், அன்று லோரியிலிருந்து இறங்கி என் தங்கையிடம் ஓடியிருக்கப்போவது அந்த இரண்டு பேரில் யார்?